கப்பலில் சிரிப்பு, கரையில் சண்டை

அன்புள்ள மேடம்,

நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். கணவர், மாமியார், பதினைந்து வயது மகள், நான். கோடை விடுமுறையில் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போனோம். கப்பலில் இருந்தவரை ஒரே சிரிப்பும் பேச்சும்தான்; வீட்டில்கூட நாங்கள் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸில் இறங்கிய அன்று எல்லாம் கெட்டது.

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரம் பொம்பெயி அங்கே பக்கத்தில்தான்; அதைப் பார்ப்பது என் கணவருக்குப் பள்ளி நாளிலிருந்தே ஆசை. கப்பல்காரர்கள் நடத்தும் டூர் விலை அதிகம் என்று அவரே ரயிலில் கூட்டிப்போனார். ரயிலில் உட்கார இடமில்லை. அங்கே தெருவெல்லாம் மேடும் பள்ளமுமாகப் பெரிய கற்கள். மூட்டுவலிக்கார மாமியார் பத்தடிக்கு ஒருதரம் நின்றார். மகள் பீட்சா எப்போது என்று நச்சரித்தாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கணவர், "உங்களையெல்லாம் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்று கத்திவிட்டார். மாமியார் அழுதார்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். ஆனால் இனி எங்கும் வரமாட்டேன் என்கிறார் மாமியார். அடுத்த விடுமுறைப் பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார். யாரைச் சமாதானப்படுத்துவது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

யாரையும் வேண்டாம். அந்த வேலையை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கப்பலில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. சாப்பாடு, படுக்கை, பொழுதுபோக்கு எல்லாம் தயாராக இருக்கும். கரையில் இறங்கியதும் ஒவ்வொன்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். டூர் காசை மிச்சப்படுத்திய உங்கள் கணவர், அந்தப் பயத்தை முழுக்கத் தானே சுமந்திருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தது கடிகாரமும் கோபமும்தான்.

ஆனால் வயதான தாயின் காதில் அந்த வார்த்தை 'நீ பாரம்' என்றுதான் விழும். அதைச் சொன்னவர்தான் சரிசெய்ய வேண்டும். "கப்பலை விட்டுடுவோமோன்னு பயந்துட்டேம்மா, அந்தக் கோபத்தை உன் மேல காட்டியிருக்கக் கூடாது" என்று அவர் நேரில் சொல்லட்டும். நீங்கள் தூது போனால் அது மருமகளின் சமாளிப்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று. குடும்பமாக வந்தால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? நேப்பிள்ஸ் துறைமுகம் ஊரை ஒட்டியே இருக்கிறது. காஸ்தெல் நுவோவோ கோட்டை நடக்கிற தூரம்தான். நீங்கள் மூவரும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டிருக்கலாம். (மகளின் ஆசையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். நேப்பிள்ஸ் பீட்சாக் கலையை யுனெஸ்கோ 2017-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.) கணவர் தனியாகப் பொம்பெயியில் ஆசை தீரச் சுற்றியிருப்பார். அதுவும் முழுதாகப் பார்த்திருக்க முடியாது. சுமார் 66 ஹெக்டேர் பரப்பு, அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை.

மாமியாருக்கும் பொம்பெயி பார்க்க ஆசை இருந்திருந்தால், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்றே அங்கே சமமான பாதை ஒன்று இருக்கிறது. அவரிடம் முன்பே யாராவது கேட்டீர்களா?

அடுத்த விடுமுறைப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். தாயும் மகனும் பேசி முடித்த பிறகு, "கரையில் இறங்கினால் உங்களுக்கு எது வேண்டும், ஒன்றே ஒன்று" என்று நால்வரும் ஆளுக்கொன்று சொல்லுங்கள். முதலில் மாமியார் சொல்லட்டும்.