வீட்டு வழியே போலீஸ் ரோந்து அடிக்கடி வந்தால் தொல்லை என்று புகார் செய்யலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் உங்கள் வீட்டு வழியே தினமும் இரவு ரோந்து கார் போகிறது, இது தொல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுச் சாலையில் போவது மட்டும் தொல்லை ஆகாது. குற்றத்தைத் தடுப்பது 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டப்படி அவர்கள் கடமை. தோட்டத்துக்குள் ஒரே சாலைதான் என்றால் எல்லார் வீட்டையும் கடந்துதானே போக வேண்டும்?

ஆனால் உங்கள் வாசலில் மட்டும் நிறுத்தி டார்ச் அடிப்பது, காரணமே சொல்லாமல் திரும்பத் திரும்ப ஐசி (அடையாள அட்டை) கேட்பது, பிள்ளைகளை மிரட்டுவது வேறு விஷயம். அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தேதி, நேரம், கார் எண், பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள் என எழுதி வையுங்கள். உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகப் பயமாக இருந்தால், போலீஸ் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்க 2023 ஜூலை முதல் இயங்கும் ஐபிசிசி ஆணையத்திடமோ, மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமோ நேராகப் புகார் கொடுக்கலாம்.