மறைத்த கொலையும் காட்டிய கொலையும்

(‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’, ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டின் இரண்டாவது சீசன்களையும் பார்க்காதவர்கள் இதைப் பிறகு வாசிக்கலாம். எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசியிருக்கிறோம்.)

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன், ஆனால் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் டிவியைப் பற்றி. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

விட்டுப்போன இரண்டு சீசன்களை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். இரண்டுமே ஏதோ ஒரு விதத்தில் என்னைத் தொந்தரவு செய்கின்றன.

முதலில் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’. அரண்மனைக்குள் நுழைந்து குழந்தையைக் கொல்லும் காட்சி வரும் என்று புத்தகம் படித்ததால் எனக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் காத்திருந்தேன். கடைசியில் கேமராவை அம்மாவின் முகத்துக்குத் திருப்பிவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்கவைத்து முடித்துவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக மனிதர்களை டிராகன் எரிப்பதைக் காட்டுகிறவர்களுக்கு இங்கே மட்டும் என்ன கூச்சம்? ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அடுத்தது ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’. இரண்டாவது எபிசோடிலேயே கதாநாயகன் ஜோயலை அடித்துக் கொல்கிறார்கள். இதில் எதையும் மறைக்கவில்லை. என் மனைவி பாதியில் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு, அவனைக் கொன்ற ஆபி திரையில் வந்தாலே எனக்கு எரிச்சல்தான்.

மறைத்தாலும் பிடிக்கவில்லை, காட்டினாலும் பிடிக்கவில்லை. கோளாறு என்னிடமா, அவர்களிடமா?

இன்னொன்று. ஏன் எல்லாவற்றையும் இருட்டில் எடுக்கிறார்கள்? பாதி நேரம் திரையில் என் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

அன்புடன்,
ஒரு வாசகன், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

இதில் கோபிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பாகிற நேரம் நமக்குத் திங்கள் காலை ஆறரை. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துப் பார்த்தவள் நான். காலையிலேயே பார்க்காவிட்டால் மதியத்துக்குள் யாராவது சொல்லிக் கெடுத்துவிடுவார்கள்.

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் காட்டினார்களா மறைத்தார்களா என்று பார்த்தால் இந்தப் புதிர் அவிழாது என்று நினைக்கிறேன். ஒரு கொடுமை நடந்து முடிந்த பிறகு, உயிரோடு மிஞ்சியவர் கையில் அது எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள். சினிமா என்றால் படம் முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம். தொடரில் மிஞ்சியவரோடு அடுத்த வாரமும் உட்கார வேண்டும்.

அந்த அம்மா, அரசி ஹெலேனாவின் காட்சியையே எடுத்துக்கொள்வோம். படுக்கையில் இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆண், ஒரு பெண். பிளட், சீஸ் என்ற இரண்டு கூலியாட்களுக்கு (சீஸ் கோட்டையில் எலி பிடிப்பவன்) எது பையன் என்று தெரியவில்லை. அவள் தன் கழுத்து நகையைக் கொடுத்துப் பார்க்கிறாள், எடுபடவில்லை. எது பையன் என்று கேட்கிறார்கள். அவள் கையை நீட்டிக் காட்டுகிறாள். இவள் பொய் சொல்லலாமே என்று அவர்களுக்கே சந்தேகம் வருகிறது. பொய் இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அந்தச் சத்தம். மகளைத் தூக்கிக்கொண்டு தன் அம்மாவின் அறைக்குப் போய், “பையனைக் கொன்றுவிட்டார்கள்” என்கிறாள். அம்மா அலிசென்ட் அப்போது காதலனோடு படுக்கையில் இருந்தது உங்களுக்கே தெரியும்.

கத்தி குழந்தையின் கழுத்தில் இறங்குவதைக் காட்டியிருந்தால் என்ன கூடியிருக்கும்? அறுக்கிற அந்த ஓசை போதாதா? எனக்குப் போதும். ஹெலேனாவாக நடித்த ஃபியா சபன் அழக்கூட முடியாமல் நிற்கிற நிற்பும் போதும். அந்தக் கொலையை மறைத்ததில் தவறில்லை. ஆனாலும் நீங்கள் ஏமாந்ததாக உணர்ந்தது சரிதான். இந்தக் காட்சியிலிருந்து அவர்கள் உருவிக்கொண்டது வேறொன்று.

நீங்கள் படித்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2018இல் வந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’ நாவல் மாதிரி எழுதப்பட்டதில்லை. ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சிகளை வைத்து ஒரு மேஸ்டர் (அந்தக் கதையுலகின் பண்டிதர்) எழுதிய வரலாறு போல இருக்கும். அதில் ஹெலேனாவுக்கு மூன்று குழந்தைகள். ஆறு வயது இரட்டையர், அப்புறம் இரண்டு வயது மேலோர். எந்த மகன் சாக வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்கிறாள், ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சின்னவன் பெயரைச் சொல்கிறாள். விவரம் தெரியாத வயது என்பதாலா, மூத்தவன் பட்டத்துக்கு உரியவன் என்பதாலா, அந்த மேஸ்டருக்கும் தெரியவில்லை. உன் அம்மா உன்னைத்தான் சாகச் சொன்னாள் என்று சின்னவனிடம் சொல்லிவிட்டு, அவர்கள் மூத்தவனைக் கொல்கிறார்கள். அதன் பிறகு மேலோரின் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

புத்தகப் பக்கத்தில் ரத்தம் ஒரு வரிதான். வாசித்தவர்களைத் தூங்கவிடாதது அந்த இரண்டு வயதுக் குழந்தை தினமும் அதே வீட்டில் வளைய வருவது.

தொடரில் மேலோரே கிடையாது. இதைப் பற்றி ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2024 செப்டம்பரில் தன் வலைப்பதிவில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டு எழுதினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவைக் காணோம். செலவு, இரண்டு வயதுக் குழந்தையை வைத்துப் படமெடுக்கிற தொல்லை என்று நடைமுறைக் காரணங்கள்தான் அவருக்குச் சொல்லப்பட்டனவாம். அந்தத் தொல்லை எனக்கும் புரிகிறது. குழந்தையை வைத்து ஒரு கல்யாண போட்டோ எடுக்கவே நாம் படாத பாடு படுகிறோம். ஆனால் குழந்தையை எடுத்ததும் தேர்வும் போய்விட்டது. ஹெலேனா தன் பிள்ளைகளில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு கதை இருந்தது என்பதுதான் என் ஆதங்கம். ஒரு தாய் அந்த நொடியில் ஏன் உண்மையைச் சொன்னாள்? மகளைக் காட்டியிருந்தால் மகள் செத்திருப்பாள், ஆக அதுவும் ஒரு தேர்வுதானே? இதை ஒருவராவது அவளிடம் கேட்டிருந்தால், அல்லது அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தால், மேலோர் இல்லாத குறை தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. மூன்றாவது எபிசோடில் அவள் அம்மாவைப் பார்த்து மன்னித்துவிட்டேன் என்கிறாள். ஏழைகளின் பிள்ளைகள் எப்போதும் சாகிறார்களே, நான் மட்டும் அழலாமா என்கிற மாதிரி பேசுகிறாள். நல்ல வசனம்தான். ஆனால் அதோடு அவள் துக்கத்துக்குக் கதவு சாத்தப்படுகிறது. கதை டிராகன்களிடம் போய்விடுகிறது.

கொலை செய்யச் சொன்னவனுக்கும் இதே சலுகைதான். புத்தகத்தில் அவர்கள் வருவதே ஒரு மகனைக் கொல்ல. தொடரில் எதிரணியின் டேமன் ஆளனுப்புவது ஹெலேனாவின் தம்பி ஏமண்டைத் தீர்த்துக்கட்ட. அவன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். டேமனின் பதில் நம் காதில் விழுவதற்குள் காட்சியை வெட்டிவிடுகிறார்கள். நான் குறை சொல்வது இந்த மறைப்பை. குழந்தையை மறைத்தது கண்ணியம், டேமனின் வாயை மறைத்தது தப்பித்தல்.

இருந்தாலும் அடுத்த எபிசோடை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலையைக் கழுத்தோடு வைத்துத் தைத்த பிள்ளையின் உடலை வண்டியில் ஏற்றி, தாயையும் பாட்டியையும் பின்னால் உட்காரவைத்து ஊர்வலம் விடுகிறார்கள். துக்கத்தை ஊர் பார்க்க வேண்டும் என்று அலிசென்ட்டின் அப்பா ஓட்டோ போட்ட கணக்கு அது. வழியில் வண்டிச் சக்கரம் மாட்டிக்கொள்கிறது, ஜனங்கள் நெருங்கி வருகிறார்கள், ஹெலேனா மிரள்கிறாள். இந்த முறை நம்மை எதையும் பார்க்காமல் இருக்க விடவில்லை. பிறகு ஹெலேனாவின் கணவனான அரசன் எய்கான், கோட்டையின் எலி பிடிப்பவர்கள் அத்தனை பேரையும் தூக்கில் போடுகிறான். குற்றவாளி ஒருத்தன், தொங்குவது எல்லோரும். முதல் எபிசோடில் சீஸ் எட்டி உதைத்த அவன் நாய், தொங்குகிறவனின் காலடியில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. அந்த நாய் புத்தகத்தில் கிடையாது. அதை மார்ட்டினே மனசாரப் பாராட்டினார். ஆக இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நாய்க்குக் கொடுத்த மிச்சத்தை ஹெலேனாவுக்குக் கொடுக்கவில்லை.

சரி, ஜோயலுக்கு வருவோம்.

எதையும் மறைக்கவில்லை என்கிறீர்கள். அந்த எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள் (உங்கள் மனைவி வீட்டில் இல்லாதபோது). கணிசமான நேரம் ஜாக்சன் ஊரின் மேல் நோயுற்ற கூட்டம் பாயும் சண்டைக்கே போகிறது. மலைமேல் அந்த வீட்டுக்குள் நாம் இருக்கிற நேரம் குறைவு. எல்லாம் பார்த்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், ஜோயலுக்கு மகள் மாதிரியான எல்லி. தரையில் அழுத்திப் பிடித்து அவளைப் பார்க்கவைக்கிறார்கள். எழுந்திரு என்று அவள் ஜோயலிடம் கெஞ்சுகிறாள். அவளோடு சேர்த்து நம்மையும் பிடித்து அழுத்தியாயிற்று.

இங்கே மிஞ்சியவள் கையில் நிறைய இருக்கிறது. புத்தாண்டு நடனத்தன்று தனக்காகப் பரிந்துகொண்டு வந்த ஜோயலை எல்லி எல்லோர் முன்னிலும் கத்தி அனுப்பியது நமக்குத் தெரியும். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியதோ என்ற சந்தேகத்தோடுதான் நான்கு வாரம் ஓடுகிறது. மூன்றாவது எபிசோடின் தொடக்கத்தில் டாமி தன் அண்ணனின் உடலைக் கழுவுகிறான், மெதுவாக, கை முழுக்க ஈரத்தோடு. பிறகு எல்லி ஜோயலின் அலமாரியைத் திறந்து அவனுடைய ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், இரண்டாவது எபிசோடைவிட அதிகமாக வலித்தது எனக்கு இதுதான். கொலையைக் காட்டியதற்கான விலையை அவர்கள் இங்கே கொடுத்துவிட்டார்கள்.

ஆபி மேல் உங்களுக்கு வருகிற எரிச்சல் வேறு கணக்கு. அதற்கு மூலமான வீடியோ கேமைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் வந்த அந்த இரண்டாம் பாகத்தில், ஆபி ஏன் கொன்றாள் என்பது வெகுநேரம் நமக்குத் தெரியாது. அவளை வெறுத்துக்கொண்டே ஆடுவோம். பாதியில் ஆட்டம் அவள் பக்கம் திரும்பும். நாம் வெறுத்தவளை நம் கட்டைவிரலாலேயே ஓடவைக்க வேண்டும், காப்பாற்ற வேண்டும். மணிக்கணக்கில் அவளாக இருந்தபின் அந்த வெறுப்பு அப்படியே நிற்காது.

டிவியில் நம் கையில் இருப்பது ரிமோட் மட்டும். அதனால்தான் தொடர், ஜோயலிடம் அப்பாவைப் பறிகொடுத்த ஆபியைக் கல்லறைகளுக்கு நடுவே முதல் எபிசோடிலேயே நிறுத்திக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கேமின் கதையைப் பல சீசன்களுக்குப் பிரித்த பிறகு, ரகசியத்தை வருடக்கணக்கில் காப்பாற்ற முடியாது என்பதும் நியாயமான கவலைதான். ஆனாலும் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. காரணம் முன்பே தெரிந்துவிட்டதால், அவள் மட்டையை ஓங்கும்போது நமக்குள் ஒரு கேள்வியும் எழுவதில்லை. கோபம் மட்டும் மிஞ்சுகிறது. வீட்டுத் திண்ணையில் ஜோயலும் எல்லியும் பேசிச் சமாதானத்துக்கு வரப் பார்க்கும் காட்சியிலும் இதே அவசரம். கேமில் அது கிட்டத்தட்ட முடிவில் வரும். இங்கே ஆறாவது எபிசோடிலேயே வந்துவிட்டது. பெத்ரோ பாஸ்கலும் பெல்லா ராம்சேயும் அதில் நடித்த விதத்துக்காக நான் அழுதேன், அது உண்மை. அழுது முடித்ததும், எல்லியின் வெறி இன்னும் எங்கேயோ போகப்போகிறதே, அதற்கான எரிபொருளை இப்போதே செலவழித்துவிட்டார்களே என்றும் நினைத்தேன்.

இரண்டாவது சீசன் முடிகிற இடத்தில் கதை ஆபி பக்கம் திரும்பி, எல்லி அவளைத் தேடிப் போன சியாட்டிலில் முதல் நாளுக்குப் போகிறது. ஆகவே உங்கள் எரிச்சலை இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டாம். பத்திரமாக வைத்திருங்கள், அதை வைத்துத்தான் மேற்கொண்டு விளையாடப் போகிறார்கள்.

இருட்டு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாவது சீசனின் பெரிய போர் எபிசோட் நினைவிருக்கும். எண்பத்திரண்டு நிமிடம். அந்தப் போரை ஐம்பத்தைந்து இரவுகள் விழித்திருந்து எடுத்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்று ஊரே கத்தியபோது, ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், எடுத்தவன் நான், அது இருட்டாக இல்லை என்று எனக்குத் தெரியும் என்கிற தொனியில் பதில் சொன்னார். பழி நம் டிவி அமைப்புகளின் மேலும், இணையத்தில் அனுப்பும்போது படத்தைச் சுருக்குவதன் மேலும் போனது. 2022இல் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ முதல் சீசனின் ஏழாவது எபிசோடிலும் இதே கூச்சல். அதில் கடற்கரைக் காட்சியைப் பகலில் எடுத்துப் பிறகு இரவாக்கியிருந்தார்கள். வேண்டுமென்றே எடுத்த கலை முடிவு என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. இரண்டு எபிசோடையும் இயக்கியவர் ஒருவரே, மிகேல் சபோச்னிக்.

சுருக்குகிறபோது கறுப்பின் நுண்ணிய படிகள் அழிந்து கட்டம் கட்டமாகத் தெரிவது உண்மைதான். அதற்காக, நாம் என்ன டிவி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தும் ஸ்டுடியோ மானிட்டரை நம்பிப் படமெடுப்பதை எப்படி ஒப்புக்கொள்வது? உங்களால் முடிந்தது இவ்வளவுதான்: மின்சாரம் மிச்சப்படுத்துகிற மோடையும் தானாக வெளிச்சத்தைக் குறைக்கிற வசதியையும் அணைத்துவிடுங்கள், அறை விளக்கையும் அணைத்துவிட்டு இரவில் பாருங்கள். பகல் காட்சிகளும் மங்கலாகவே தெரிந்தால் கோளாறு டிவியில். இரவுக் காட்சிகள் மட்டும்தான் என்றால் தாராளமாக அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா