கொன்றவன் சட்டையை ஏன் போட்டுக்கொள்கிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நமீபியா நாட்டுப் படம் ஒன்று போட்டிருந்தோம். ஒகாஹான்ஜா என்ற ஊரில் வருஷாவருஷம் ஆகஸ்டில் நடக்கும் ஹெரேரோ மக்களின் ஊர்வலம். ஆண்கள் பழைய ஜெர்மன் பட்டாள உடுப்பில், பெண்கள் தரை புரளும் கவுனில், தலையில் கொம்பு வைத்த துணித் தொப்பியோடு. படத்துக்குக் கொடுத்த இடத்தை விளக்கத்துக்குக் கொடுக்கவில்லை, அதற்கான தண்டனை தபாலில் வந்து குவிந்துவிட்டது. சரி, இந்த முறை வேறு கேள்வி எதுவும் எடுக்கவில்லை.

கே: "இவர்களின் முன்னோரை ஜெர்மானியர் கொன்று குவித்தார்கள்" என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். கொன்றவனுடைய சட்டையையே மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்களா? ரோஷமே கிடையாதா? – வாசகி, முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் அழகு. அஜந்தா சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி யாருடையதாம்? பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷம் ஆகிறது, தொப்பி போகவில்லை. நாமும் கழற்றச் சொல்லவில்லை, வெளியூர்க்காரர் வந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

ஆனால் ஒப்பீடு அதோடு சரி. நம்ம தொப்பி உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் உடுப்பு வந்த வழி வேறு.

ஹெரேரோக்கள் மாட்டுக்காரர்கள். பழைய தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று ஒரு அர்த்தம் உண்டு, நமக்கு அது அகராதியோடு போயிற்று, அவர்களுக்கு அதுதான் அன்றாடம். கல்யாணம், கௌரவம், வாரிசு எல்லாம் மாட்டை வைத்துத்தான். வீட்டு முன்னால் ஒகுருவோ என்ற புனித நெருப்பு அணையாமல் இருக்கும், குடும்பத்துப் பெரியவர் அதன் எதிரில் உட்கார்ந்து செத்துப்போன முன்னோரோடு பேசுவார். 1884-ல் ஜெர்மனி வந்து இது எங்கள் தென்மேற்கு ஆப்பிரிக்கா என்றது. 1897-ல் வெக்கை நோய் வந்தது, மாடு வைத்திருந்த நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும், மந்தை மந்தையாக விழுந்தது. மாடு போனவன் வெள்ளைக்கார வியாபாரியிடம் கடன் வாங்கினான், வியாபாரி வட்டிக்கு மிச்ச மாட்டை ஓட்டிக்கொண்டு போனான், அப்புறம் நிலம். 1903-ல் கவர்னர் லாய்ட்வைன் நல்லது செய்கிற நினைப்பில், ஒரு வருஷத்துக்குள் வசூலிக்காத கடன் செல்லாது என்று சட்டம் போட்டார். கந்துவட்டிக்காரனைப் பார்த்த யாருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற ஒரு வருஷத்தில் மொத்தத்தையும் கறந்துவிட எல்லா வியாபாரிகளும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

1904 ஜனவரி 12-ல் ஒகாஹான்ஜாவில் ஹெரேரோக்கள் துப்பாக்கி தூக்கினார்கள். தலைவர் சாமுவேல் மஹரேரோ. நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் செத்தார்கள். பெர்லின் லாய்ட்வைனை ஓரம்கட்டிவிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் ஏற்கெனவே "அடக்கி"ப் பழகியிருந்த ஜெனரல் லோதர் ஃபான் ட்ரோத்தாவை அனுப்பியது. ஆகஸ்ட் 11-ல் வாட்டர்பெர்க் மலையடியில் சண்டை. பெண்டு பிள்ளை, மாடு கன்று எல்லாவற்றோடும் அங்கே கூடியிருந்த ஜனம், திறந்திருந்த ஒரே பக்கமாகத் தப்பி ஓடியது. அந்தப் பக்கம் இருந்தது ஓமாஹேக்கே பாலைவனம். பின்னாலேயே போன பட்டாளம் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்காகத் தோண்டிய ஆழக் குழிகளைச் சுற்றி எலும்புக்கூடுகள் கிடந்ததை ரோந்து போன ஜெர்மன் சிப்பாய்களே பார்த்திருக்கிறார்கள்.

பிழைத்துத் திரும்பியவர்களைக் கம்பிவேலி முகாமில் அடைத்தார்கள். ரயில் பாதை போடும் வேலை, துறைமுக வேலை, கழுத்தில் நம்பர் போட்ட தகரத் துண்டு. முகாம்களை மூடிய பிறகும் 1907-ல் வந்த விதிகளின்படி கவர்னர் அனுமதி இல்லாமல் ஒரு ஹெரேரோ மாடு வளர்க்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது. மாட்டுக்காரனிடம் மாடு கூடாது என்றால் என்ன மிச்சம்? தலைவர்கள் செத்துவிட்டார்கள் அல்லது தூக்கில் போட்டாயிற்று. மஹரேரோ எல்லை தாண்டி இன்றைய போட்ஸ்வானாவில். அநாதைப் பையன்கள் ஜெர்மன் அதிகாரிகளுக்கு எடுபிடியாக வளர்ந்தார்கள், பூட்ஸ் துடைத்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டி.

அந்தப் பையன்கள்தான் உங்கள் கேள்விக்குப் பதில்.

1914-ல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனதே, நாம் இன்றைக்கும் கெட்டிக்காரப் பயலை "சரியான எம்டன்" என்கிறோமே, அதே உலகப் போரில் 1915-ல் தென்னாப்பிரிக்கப் படை அந்த நாட்டுக்குள் புகுந்து ஜெர்மன் ஆட்சியை முடித்தது. எஜமான் போனதும் எடுபிடிப் பையன்கள் தாங்களே ஒரு பட்டாளம் அமைத்துக்கொண்டார்கள். ஒட்ரூப்பா என்று பேர், "ட்ரூப்" என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. கேப்டன், லெப்டினன்ட் என்று பதவிகள், ஊருக்கு ஊர் கடிதப் போக்குவரத்து, கவாத்து. தென்னாப்பிரிக்க அதிகாரிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர்கள் செய்த காரியமோ பெரும்பாலும் சந்தா வசூலிப்பது, கஷ்டப்படுகிறவனுக்கு உதவுவது, செத்தவனை மரியாதையாக அடக்கம் செய்வது. 1923-ல் மஹரேரோ அந்நிய மண்ணில் இறந்தபோது உடலை ஒகாஹான்ஜாவுக்குக் கொண்டுவந்தார்கள், ஆகஸ்ட் 26-ல் அப்பா, தாத்தா பக்கத்தில் அடக்கம். ராணுவ மரியாதையோடு வரிசையில் நின்றது இந்தச் சொந்தப் பட்டாளம்தான். நீங்கள் பார்த்த ஊர்வலம் அந்த அடக்கத்தின் தொடர்ச்சி.

எதிரியைக் கொன்று அவன் சட்டையைப் போட்டுக்கொண்டால் அவன் பலம் நமக்கு வரும் என்றும் அவர்களுக்குள் ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ எடுபிடிப் பையன் கதைதான் அதிகம் ஒட்டுகிறது. சிதறிப்போன ஜனம் ஒன்றுகூட ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது, அந்தப் பையன்கள் கிட்டத்திலிருந்து பார்த்து வளர்ந்த ஏற்பாடு பட்டாளம் ஒன்றுதான். ரோஷம் இல்லையா என்று கேட்டீர்கள். மாடும் நிலமும் தலைவனும் போன பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தன் நிமிர்ந்து வரிசையில் நின்றிருக்கிறான் அம்மா.

கே: அது போர்தானே? இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். இனப்படுகொலை என்று எழுதுவது மிகையில்லையா? – கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

இல்லை தம்பி. எழுச்சி தொடங்கியபோது மஹரேரோ தன் ஆட்களுக்கு விட்ட கட்டளையில் பெண்கள், குழந்தைகள், மிஷனரிகள், ஆங்கிலேயர், போயர்கள் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்தார்) மேல் கை வைக்கக் கூடாது என்று இருந்தது. எல்லா இடத்திலும் அது காப்பாற்றப்படவில்லை, ஆனால் கட்டளை இருந்தது. எதிர்ப்பக்கம் 1904 அக்டோபர் 2-ல் ட்ரோத்தா வெளியிட்ட உத்தரவைப் பாருங்கள். ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஹெரேரோவும், துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவான், பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்றுக்கொள்ள மாட்டேன். அப்போது பெரிய சண்டை முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. டிசம்பரில் பெர்லின் உத்தரவைத் திரும்பப் பெற்றது, அதன் பிறகு வந்தவைதான் முகாம்கள்.

போருக்கு முன் ஹெரேரோக்கள் சுமார் 80,000 பேர் என்பது பொதுவான மதிப்பு. 1911 கணக்கெடுப்பில் 15,130. தெற்கே இருந்த நாமா மக்கள் சுமார் 20,000 பேர், அதே கணக்கெடுப்பில் 9,781. பழைய எண்ணிக்கையைப் பற்றி அறிஞர்கள் சண்டை போடுவார்கள், போடட்டும், எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சுவது பயங்கரம்தான். முகாம்களில் செத்தவர்களின் தலைகளைப் பெர்லினுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள், அதற்கு முன் கண்ணாடித் துண்டால் சதையைச் சுரண்டும் வேலையைப் பெண் கைதிகளிடம் கொடுத்தார்கள். இருபது மண்டையோடுகள் 2011-ல் திரும்பி வந்தன. இனப்படுகொலை என்று உலக மொழிகளில் இன்று புழங்கும் சொல் 1944-ல்தான் உருவானது. செயலுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை.

கே: எங்கேயோ ஆப்பிரிக்காவில் நூறு வருஷத்துக்கு முந்தி நடந்ததற்கும் கடலூர்க்காரனுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர்ப் பிரச்சினையை எழுதுங்கள். – வாசகர், குண்டு உப்பலவாடி

ஐயா, உங்கள் ஊர்ப் பேரைத் திரும்பப் படியுங்கள். உப்பலவாடி சரி, முன்னால் அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது?

1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா, சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டான். குண்டு விழுந்த வட்டத்துக்குள் வந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள். உங்கள் முப்பாட்டனிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது 1883-க்கு வாருங்கள். லூதரிட்ஸ் என்ற ஜெர்மன் வியாபாரி நாமா தலைவர் யோசஃப் ஃபிரெடரிக்ஸிடம் ஒரு வளைகுடாவை வாங்குகிறான், 100 பவுனும் 200 துப்பாக்கியும் விலை. அடுத்து, கடலோரமாக இருபது மைல் அகலத்துக்கு நிலம். தலைவருக்குத் தெரிந்த மைல் இங்கிலீஷ் மைல், ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. லூதரிட்ஸ் மனசில் வைத்துக்கொண்டதோ ஜெர்மன் மைல், அது ஏழு கிலோமீட்டரைத் தாண்டும். இருபது மைலை அந்தக் கணக்கில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த ஏமாற்றின் மேல்தான் மொத்தக் குடியேற்றமும் கட்டப்பட்டது. அந்த வளைகுடா ஊருக்கு இன்றும் லூதரிட்ஸ் என்றுதான் பேர், அதை ஒட்டிய ஷார்க் தீவில்தான் முகாம்களிலேயே கொடூரமான முகாம் இருந்தது. குளிர்காற்றிலும் பட்டினியிலும் நாமாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இன்றைக்கு அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம், சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள்.

சம்பந்தம் போதுமா?

கே: ஜெர்மனி நஷ்ட ஈடு கொடுத்ததா? – வாசகர், பண்ருட்டி

2004-ல் ஒரு ஜெர்மன் அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். 2021-ல் இரண்டு அரசுகளும் ஒரு கூட்டறிக்கை தயாரித்தன: முப்பது வருஷத்தில் 110 கோடி யூரோ, வளர்ச்சித் திட்டங்களுக்கு. நஷ்ட ஈடு என்ற சொல்லை ஜெர்மனி கவனமாகத் தவிர்த்தது. இனப்படுகொலை என்பதையும் "இன்றைய பார்வையில்" என்று ஒரு வாலோடு ஒப்புக்கொண்டது. ஹெரேரோ, நாமா அமைப்புகளில் பல இதை ஏற்கவில்லை, எங்களை உட்காரவைக்காமல் எங்கள் செத்தவர்களுக்கு விலை பேசினால் எப்படி என்கிறார்கள். நியாயமான கேள்வி. நமீபியாவில் இன்று இரண்டு இனமும் சிறுபான்மை, கொஞ்சம்பேர் எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவிலேயே தங்கிவிட்டார்கள். பெரிய பண்ணை நிலங்களில் பெரும்பகுதி இன்னும் வெள்ளையர் கையில்.

கே: என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து அல்ஜீரியா போனவர். ஜூலை 14-ல் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார், நாங்கள் பெருமையாகப் பின்னால் போவோம். போன இதழைப் பார்த்ததிலிருந்து அவரும் அடக்கியவர்கள் பக்கம்தானோ என்று உறுத்துகிறது. – பேரன், குருசுக்குப்பம்

நேர்மையான கடிதம், வட்டமாகச் சுற்றாமல் சொல்கிறேன். ஆமாம், அந்தப் பக்கம்தான் நின்றார். அவர் ஒருவர் மட்டும் இல்லை.

ஹென்ட்ரிக் விட்பூய் என்று ஒரு நாமா தலைவர். 1893 ஏப்ரலில் ஹோர்ன்கிரான்ஸ் என்ற அவருடைய ஊரை ஜெர்மானியர் விடியற்காலையில் சுட்டுத் தீர்த்தார்கள், செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த வருஷம் தோற்று உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார், கூப்பிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. பத்து வருஷம் அனுப்பினார். வாட்டர்பெர்க்கில் ஹெரேரோக்களைச் சுற்றி வளைத்த ஜெர்மன் படையில் விட்பூயின் ஆட்களும் நின்றார்கள். அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்த சிலர் ஓடிவந்து அவரிடம் சொன்னார்கள். 1904 அக்டோபரில், எழுபது வயதைத் தாண்டிய கிழவர், அவரே ஜெர்மனிக்கு எதிராகக் குதிரை ஏறினார். மறு வருஷம் அக்டோபர் 29-ல் சண்டையில் பட்ட காயத்தில் செத்தார். அவர் கிளம்பிய நேரத்தில் இன்னும் ஜெர்மன் படையோடு இருந்த அவருடைய ஆட்களை ஆயுதம் பறித்து, கண்காணாத டோகோவுக்குக் கப்பலேற்றினார்கள். அவ்வளவுதான் விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதை.

நமீபியா விட்பூயின் முகத்தைத்தான் தன் டாலர் நோட்டில் அச்சடித்தது. அந்தப் பத்து வருஷத்தை அவர் கதையிலிருந்து யாரும் வெட்டி எடுக்கவும் இல்லை. உங்கள் தாத்தா இருந்தால் அல்ஜீரியாவில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். மெடலைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள், இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கே: எல்லாம் சரி சார், அந்தப் பெண்கள் தலையில் துணிக்கொம்பு சாயாமல் எப்படி நிற்கிறது? நான் தையல்காரன், இரண்டு நாளாக இதே யோசனை. – வாசகர், நெல்லித்தோப்பு

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். கவுன் மிஷனரி மனைவிகளிடமிருந்து வந்தது, உடம்பை மூடு என்று அவர்கள் கொடுத்த 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வெட்டு. அதை வாங்கிக்கொண்ட பெண்கள் உள்ளே பாவாடை மேல் பாவாடையாகக் கட்டி, பசு அசைந்து நடப்பதுபோல நிதானமாக நடக்கிறார்கள். தலைக்கு முன்பு தோலில் மூன்று காது வைத்த தொப்பி போடுவார்கள். தோல் போய்த் துணி வந்ததும் அதில் இரண்டு மாட்டுக்கொம்பை வைத்துவிட்டார்கள். மாடே வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்ட ஊரில் பெண்கள் தலைக்குத் தலை கொம்போடு போகிறார்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். பேர் ஒச்சிகைவா.

கொம்பு நிற்கும் ரகசியம்: உள்ளே பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி வைத்து மேலே துணி சுற்றுவார்கள். எங்கள் பத்திரிகைத் தாளிலும் முயற்சி செய்து பாருங்கள், நின்றால் எழுதுங்கள்.