மோடம் டிரைவர் எங்கே போச்சு?

கேள்வி: லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். தொலைபேசி வழியே இணையம் தரும் டயல்-அப் மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் காணோம், எடுத்துவைத்த பழைய டிரைவர் கோப்பும் ஏற மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பதில்: பெட்டிக்குள் இருப்பது வின்மோடமாகத்தான் இருக்கும். தன் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு விலையைக் குறைத்த ரகம் அது, அதனால் தனி டிரைவர் வேண்டும், அந்த டிரைவரும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் குறிப்பிட்ட பதிப்புக்கென்றே கம்பைல் செய்யப்பட்டிருக்கும் (அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் கோப்பாக மாற்றப்பட்டிருக்கும்), கர்னல் மாறினால் பழைய கோப்பு ஏறாது. முதலில் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளை கொடுத்து மோடம் சிப் எந்த நிறுவனத்துடையது என்று பாருங்கள். ஸ்மார்ட்லிங்க் என்றால் அதற்கான டிரைவரான எஸ்எல்மோடத்தின் (slmodem) மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்யத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகள், ஜிசிசி (gcc) என்ற கம்பைலர் இரண்டையும் நிறுவிவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். இணையமே இல்லாமல் எதை இறக்குவது என்கிறீர்களா? பென்டிரைவோடு பிரவுசிங் சென்டருக்குப் போகவேண்டியதுதான். அலுப்பாக இருந்தால் சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வாங்கிவிடுங்கள், அதற்குத் தனி டிரைவர் தொல்லையே இல்லை.