சொல்லிப் பழகிய கதைக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயது எழுபதைக் கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வற்புறுத்துவதால் என் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை பார்த்த ஊர்கள், மாறுதல்கள் என்று எழுதினால் பணிப்பதிவேடு போல வருகிறது. 1968-ல் என் தந்தையார் உழவு மாடுகளை விற்று என்னைக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) சேர்த்தது போன்ற ஒருசில நிகழ்ச்சிகள் மட்டுமே தெளிவாக நிற்கின்றன. மற்றவற்றை நினைவுக்குக் கொண்டுவருவது எப்படி? நினைவில் இருப்பது சரிதானா என்று அறிவது எப்படி? காலமான என் அண்ணனோடு பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனத்தாங்கலை எழுதலாமா?

பதில்:

ஐயா, எழுதியது பட்டியலாக வருவதற்குக் காரணம் உங்கள் நினைவாற்றல் குறைந்துவிட்டது என்பதன்று. ஆண்டைப் பிடித்துக்கொண்டு நினைவைத் தேடுகிறீர்கள் என்பதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்லெம் வாகனார் ஆறு ஆண்டுகள் தம் வாழ்வில் நடந்தவற்றை நாள்தோறும் குறித்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, யார் உடனிருந்தார், எங்கே, எப்போது என்று நான்கு குறிப்புகள் எழுதிக்கொண்டு, பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து மற்றவற்றை நினைவுகூர முயன்றார். 1986-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ‘என்ன நடந்தது’ என்பது நினைவை நன்றாகத் தூண்டியது. ‘எப்போது’ என்பது மட்டும் தனியாக ஏறக்குறைய எதற்கும் உதவவில்லை. ஆகவே ‘1974-ல் நான் என்ன செய்தேன்’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாறுதல் உத்தரவுதான் வரும். ‘அந்தப் பள்ளியில் என் நாற்காலிக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தார், மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிட்டோம்’ என்று கேட்டுப் பாருங்கள். ஆட்களும் பேச்சும் வரும். ஆண்டைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்துகொண்டால் வீண் கவலை குறையும். நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், ஏறக்குறைய பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவையே மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது பல ஆய்வுகளில் கண்டது. மூன்று நான்கு வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் பிறர் சொல்லிக் கேட்டவையே. நீங்கள் தலைமையாசிரியராக இருந்த பிற்காலம் மெலிதாக வந்தால் அதை வற்புறுத்தி ஊதிப் பெருக்க வேண்டாம்.

எழுதத் தொடங்குமுன் பிறந்த வீட்டை வரையுங்கள். ஓவியத் திறமை வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் போட்டுக்கொண்டு, யார் எங்கே படுத்தார்கள், எந்த அறைக்குள் யார் வரக் கூடாது என்றிருந்தது, நெல் மூட்டைகள் எந்தச் சுவரோரம் அடுக்கப்பட்டன, மழை பெய்தால் எங்கே ஒழுகியது என்று எழுதுங்கள். அந்த வீட்டில் கொல்லைப்புறமாக மட்டும் வந்து போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களையும் அந்தப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உழவு மாட்டுக் கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உயிருள்ள பகுதி அதுதான். ஆனால் நீங்கள் மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியதும் அதுதான். பல ஆண்டுகளாகக் குடும்ப விசேஷங்களிலும் பள்ளி விழாக்களிலும் அதைச் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பலமுறை சொன்ன கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செதுக்கப்படுகிறது. கேட்பவர் கண் கலங்கிய இடம் நீள்கிறது, கலங்காத இடம் உதிர்கிறது, கடைசியில் நாம் நினைவுகூர்வது நடந்ததை அன்று, சென்ற முறை சொன்னதை. நினைவு மறைந்துபோவதைவிட, இப்படிச் சொல்லிப் பழகிய கதை அதன் மேல் உட்கார்ந்துகொள்வதுதான் வாழ்க்கையை எழுத வருபவர்களுக்குப் பெரிய இடையூறு என்பது என் கருத்து.

அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம். கல்லூரிச் சேர்க்கை ஜூன், ஜூலையில் நடந்திருக்கும். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அப்படியானால் ஆற்றில் தண்ணீர் வந்து, ஊரே ஏர் பூட்டும் நேரத்தில் உங்கள் தந்தையார் உழவு மாடுகளை விற்றிருக்கிறார். அந்தக் குறுவையை யார் மாட்டை வைத்து உழுதார்கள்? கூலி ஏரா, பங்காளி வீட்டு ஏரா? அல்லது அந்த ஆண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாரா? அல்லது மாடு போனது தை அறுவடைக்குப் பிறகு வேறொரு கடனுக்காகவும், உங்கள் படிப்பு அந்தக் கணக்கில் பின்னால் வந்து சேர்ந்ததுமாக இருக்குமா? விற்றதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசியது உங்கள் வீட்டு வாசலிலா, சந்தையிலா? பார்க்கவில்லையென்றால், இதை உங்களுக்கு முதலில் சொன்னவர் யார்? தந்தையே சொன்னாரா, அம்மா சொன்னாரா, அல்லது அண்ணன் ஒரு சண்டையின்போது சொன்னாரா? மூன்றும் ஒன்றாகா. கடைசியாக, அதே ஆண்டு உங்கள் வீட்டில் வேறு யாருடைய படிப்பாவது நின்றதா?

இந்தக் கேள்விகள் உங்கள் தந்தையின் தியாகத்தைக் குறைப்பதற்காக அல்ல. விடைகள் கிடைத்தால் அவர் மனிதராக நமக்குத் தெரிவார். இப்போது அவர் ஒரு செயலாக மட்டும் தெரிகிறார். ஒரு கோடு போட்ட பெரிய நோட்டை வாங்கி, இடப்பக்கத்தில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். இடப்பக்கத்து வரிகளில் கண்ணால் கண்டதற்கு ஒரு குறி, கேள்விப்பட்டதற்கு ஒரு குறி, பிற்காலத்தில் நீங்களாக முடிவு செய்துகொண்டதற்கு ஒரு குறி இடுங்கள். தலைமையாசிரியராக இருந்தவருக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் எழுதப்பட்ட தன்வரலாறுகளே அதிகம், அவை படிப்பவரை இரண்டாம் அத்தியாயத்திலேயே களைப்படையச் செய்கின்றன.

பேசாமல் விட்டவற்றையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் கல்லூரியில் சேர்ந்த அதே 1968-ன் டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். உங்கள் வீடு நிலம் வைத்திருந்த வீடு. அந்த வாரம் திண்ணையில் அதைப் பற்றி என்ன பேசினார்கள்? விடுமுறைக்கு வந்திருந்த நீங்கள் எதைக் கேட்டீர்கள்? ஒன்றும் நினைவில்லையென்றால், நினைவில்லை என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரே அதிர்ந்த ஒன்று ஒரு வீட்டில் பேசப்படாமல் இருந்ததென்றால், அந்த வீட்டைப் பற்றி அது நிறையச் சொல்லும்.

நினைவு சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். தெளிவாக இருக்கிறது என்பது சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகாது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோது, கால்வாசிப் பேர் சொன்னது முன்பு எழுதியதற்கு முற்றிலும் வேறாக இருந்தது. ஆனாலும் பலர் உறுதியாகவே சொன்னார்கள். இரண்டரை ஆண்டுக்கே இப்படியென்றால் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டதைக் காகிதம் கொண்டுதான் சரிபார்க்க வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, இன்லாண்டு கடிதங்கள், கல்லூரிக் கட்டண ரசீது எல்லாம் உதவும். (எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதியாக அது இருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.) இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. உங்கள் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு பரணில் இருந்தால் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஊர், பெயர், தகப்பனார் பெயர், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், நடுவில் ஒரு குத்துவிளக்கு என்று போகும் அந்தப் பக்கங்களில், யார் யார் அன்று உறவாக இருந்தார்கள், யார் தாராளமாகச் செய்தார்கள், எந்தப் பங்காளியின் பெயர் அறவே இல்லை என்பது தெரிந்துவிடும். இல்லாத பெயர் ஏன் இல்லை என்று உடன்பிறந்தவரிடம் கேட்டால் அரை நாள் பேச்சுக்கு வழி பிறக்கும். அப்படிக் கேட்கும்போது உடன்பிறந்தாரைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தால், முதலில் பேசியவரின் நினைவே மற்றவர்களுடையதாகவும் ஆகிவிடும். செல்பேசியில் அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்துகொண்டு, நோட்டின் வலப்பக்கத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் நினைவோடு முரண்பட்டால் எதையும் அடிக்க வேண்டாம்.

காகிதத்தைக் காத்து வைத்தவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, நீங்கள் படித்த அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரே சான்று. தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்திருந்த அவர், எண்பத்தைந்து வயதை ஒட்டி, 1940-ல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமானபோது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. பிறப்பிலிருந்து வரிசையாகத் தொடங்கும் முறையில் இந்த இடர் உண்டு என்பதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

அண்ணன் விஷயம். முதலில் அதை உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். மனத்தை அழுத்தும் ஒன்றைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதச் சொல்லி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் ஆய்வு செய்தபோது, எழுதியவர்களுக்கு உடனடியாக மனக்கனம் கூடியது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த அன்று தூக்கம் வராமல் போனால் அஞ்ச வேண்டாம். ஆனால் நாள்கணக்கில் அது நீடித்தால் எழுத்தை நிறுத்திவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதே சரி. அந்தத் தாள்களைச் சில வாரம் மூடி வைத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு செய்த பத்திரமாக இருந்தால் கிடைக்கும். யாருக்கு எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, சாட்சிக் கையெழுத்து யாருடையது என்பதைப் பார்த்துவிட்டு, அண்ணன் பக்கத்து நியாயத்தை அவரே பேசுவது போல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை எழுத முடியாதவரை இந்த அத்தியாயம் அச்சுக்குத் தயாராகவில்லை என்றே நான் கொள்வேன்.

அச்சிடுவதாக இருந்தால் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி, இறந்தவரைப் பற்றி எழுதியதும், அது அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமுடையதாக இருந்தால், அவதூறாகக் கொள்ளப்படலாம். உண்மையைத்தான் எழுதினேன் என்பது மட்டும் போதாது. அது பொது நன்மைக்காக எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டியிருக்கும். எனவே நடந்ததை எழுதுங்கள், எண்ணத்தைக் கற்பிக்காதீர்கள். ‘வயலுக்குப் போகும் வரப்பை அடைத்தார்’ என்பது நடந்தது. ‘என்னை ஒழிக்க நினைத்தார்’ என்பது உங்கள் ஊகம். வெளியிடுமுன் அண்ணியாரிடமோ அண்ணன் பிள்ளைகளிடமோ அந்தப் பகுதியைப் படித்துக் காட்ட முடிந்தால் மிகவும் நல்லது.

இந்த ஆயத்தத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் தேடுவதே சுகமாகி எழுத்து தள்ளிப்போகும். பிறகு நோட்டைப் புரட்டி, வலப்பக்கம் எங்கே அதிகமாக நிறைந்திருக்கிறதோ அந்த நிகழ்ச்சியை முதல் அத்தியாயமாக எழுதத் தொடங்குங்கள். பிறந்த ஊரும் கோத்திரமும் மூன்றாம் அத்தியாயத்தில் வந்தால் போதும்.