ட்ராக்குக்கு ஒரு பைக் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வயது 27. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பகுதியில் வேலை. இப்போது பல்சர் 150 ஓடுகிறேன். போன வருடம் கூட்டாளி ஒருவன் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் வேகமாகப் போய் விழுந்து, காலுக்குள் கம்பி வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு றோட்டில் வேகமாக ஓடுவதை நான் விட்டுவிட்டேன். ஆனால் ஆசை விடவில்லை. ட்ராக்கில் மட்டும் ஓட ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். கொழும்பில் ஒருவரிடம் பழைய யமஹா ஆர்6 இருக்கிறது. "ட்ராக்குக்கும் ஆகும், றோட்டுக்கும் ஆகும்" என்கிறார். சேமிப்பு போதாது, மிச்சத்துக்கு லோன் போட வேண்டும். கூட்டாளிமார் "நிலாவெளி றோட்டு சும்மா கிடக்கு, உனக்கேன் ட்ராக்?" என்று பகிடி பண்ணுகிறார்கள். அம்மா ரேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறா. ஆர்6 எனக்குச் சரிவருமா? இல்லாவிட்டால் எது?

– த., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

ஆர்6 வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் படித்தால் நீங்கள் பாதி வாங்கிவிட்ட மாதிரித் தெரிகிறது. மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

வேகத்தை றோட்டில் இருந்து ட்ராக்குக்குக் கொண்டுபோகும் முடிவு சரியானது. நிலாவெளி றோட்டில் பொழுதுபட்ட பிறகு சும்மா கிடப்பவை மாடுகள். தார்ச் சூட்டுக்கு வந்து படுத்தால் ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. காற்றுக் காலத்தில் றோட்டில் மணல் ஏறியிருக்கும். ஹபரணைப் பக்கம் யானை. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் பைக் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் போகிறது. மாட்டைக் கண்டு, அது மாடு என்று மண்டையில் ஏறி, விரல் பிரேக்குக்குப் போவதற்கே கிட்டத்தட்ட அந்த ஒரு செக்கன் செலவாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சட்டப்படி ஊருக்கு வெளியே 70. எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை ஏறவே விடமாட்டார்கள். ஆகவே இந்த நாட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை அதன் இயல்பில் ஓடுவதற்கு ஒழுங்கான றோட்டு என்று ஒன்று இல்லை.

பகிடி பண்ணுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டனுக்குப் பக்கத்தில் ஐல் ஒஃப் மான் தீவில் ஊர் றோட்டுகளை மூடிவிட்டு ஓடும் டிடி பைக் போட்டி 1976 வரைக்கும் உலக சம்பியன்ஷிப்பில் ஒரு சுற்று. மதில், விளக்குக் கம்பம், வீட்டு வாசல் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு ஓட வேண்டும். 1972இல் அங்கே இத்தாலிய ஓட்டுநர் கில்பேர்ட்டோ பார்லொட்டி இறந்தார். அந்தத் தீவில் பத்து முறை வென்ற ஜியாகோமோ அகொஸ்டினி, இனி இங்கே ஓடமாட்டேன் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார். 1977இல் பிரிட்டிஷ் சுற்றே சில்வர்ஸ்டன் ட்ராக்குக்குப் போய்விட்டது. அகொஸ்டினியைப் பயந்தாங்கொள்ளி என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. இதை உங்கள் கூட்டாளிமாருக்குச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

சரி, இனி பைக்குக்கு வருவோம். அதற்கு முதல், ட்ராக்கில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் வேகம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நம்முடைய கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 100இல் போனால் 14 செக்கனில் முடிந்துவிடும். நேர்ப்பாதை வேகம் அவ்வளவுதான், கையை முறுக்கத் தெரிந்த எவருக்கும் வரும். ட்ராக்கில் கிடைப்பது முடக்கு, அதாவது வளைவு, அதுவும் திரும்பத் திரும்ப அதே முடக்கு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த ட்ராக் 3.7 கிலோமீற்றர், 12 முடக்குகள். அதில் ஒன்றில் பிந்திப் பிரேக் பிடித்து வெளிப்பக்கம் அகன்று போனீர்கள் என்று வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அதே முடக்கு, அதே தார், அதே அகலம் மறுபடி முன்னால் வரும். எதிரே பஸ் வராது. இந்த முறை கொஞ்சம் முந்திப் பிடித்துப் பார்க்கலாம். அடுத்த முறை பார்வையை இன்னும் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம். சங்கீதம் பழகுகிறவர் சரளி வரிசையைத் திருப்பித் திருப்பிப் பாடுவது மாதிரி. றோட்டில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரு முடக்கு பிழைத்தால் பிழைத்ததுதான், அடுத்து வருவது வேறு முடக்கு, வேறு மணல், வேறு மாடு.

ஆகவே பைக் தெரிவுக்கு என்னிடம் இருக்கும் கேள்வி ஒன்றுதான். உங்கள் காசுக்கு எந்த பைக்கில் அதிக சுற்று ஓடலாம்?

இந்தக் கேள்விக்கு ஆர்6 தேறாது. அது நல்ல பைக் இல்லை என்று சொல்லவில்லை. 1999இல் வந்த நாளில் இருந்தே ட்ராக்கை மனதில் வைத்துச் செய்த சாமான் அது. 599 சிசி, 120 குதிரைச் சக்திக்குக் கிட்ட. முதல் கியரிலேயே மணிக்கு 100ஐத் தாண்டும். சக்தி முழுவதும் மேலே, எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போனால்தான் உயிர் வரும். திருகோணமலை அனுராதபுரச் சந்தியில் பின்னேர நெரிசலில் நின்றால் தொடைக்குச் சூடும் மணிக்கட்டுக்கு நோவும்தான் மிச்சம். ஐரோப்பாவில் 2021இல் புகை விதிகள் இறுகியபோது யமஹாவே அதை றோட்டு பைக்காக விற்பதை விட்டுவிட்டு, ட்ராக்குக்கு மட்டும் என்று விற்கத் தொடங்கியது. கொழும்புக்காரர் சொல்லும் "றோட்டுக்கும் ஆகும்" என்ற கதையை, பைக்கைச் செய்த நிறுவனமே அங்கே கைவிட்டுவிட்டது.

ட்ராக்குக்கு ஆகுமே என்பீர்கள். ஆகும், பழகியவருக்கு. 120 குதிரை கையில் இருந்தால் முடக்கில் தொலைத்ததை நேர்ப்பாதையில் பிடித்துவிடலாம். பிழை உங்களுக்கே தெரியாமல் மறைந்துபோகும். 18 குதிரை உள்ள சின்ன பைக்கில் மறைக்க இடமில்லை. முடக்கில் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால் அந்த வேகம் திரும்பி வர நேர்ப்பாதையில் பாதி போய்விடும், பக்கத்தில் போகிறவர் தாண்டிப் போவார், உடனே உறைக்கும். அப்புறம் லோன். தவணை கட்டிக்கொண்டிருக்கும் பைக்கைச் சாய்க்க ஒருவருக்கும் மனம் வராது. ஆனால் பழகும்போது எப்போதாவது சறுக்கத்தான் செய்யும். சின்ன பைக் என்றால் லீவர், ஃபூட்ரெஸ்ட், ஒரு பக்கத்து ஃபெயாரிங் மூடி என்று மாற்றிவிட்டு அடுத்த தடவை போகலாம். ஆர்6 விழுந்தால் அந்த வருடம் அதோடு சரி.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து 2025இல் திறக்கும்வரை இங்கே பழைய பைக்குகளின் விலை ஏறிய விதம் உங்களுக்குத் தெரியும். பெரிய பைக்குகளில் அது இன்னும் மோசம். எந்த பைக்காக இருந்தாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பைக்கில் வெட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

நான் சொல்வது யமஹா ஆர்15. பழையது போதும், கீறல் விழுந்தது இன்னும் நல்லது. 155 சிசி, 18 குதிரை, எடை 140 கிலோவை ஒட்டி. ஃபிரேம் அதன் எஞ்சினை விடப் பெரிய வேலைக்குத் தகுதியானது. சாமான் இங்கே கிடைக்கும், எந்த கராஜிலும் கை வைப்பார்கள். யாராவது உங்களுக்குத் தொண்ணூறுகளின் ஹொண்டா சிபிஆர்250ஆர்ஆர் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். 250 சிசிக்குள் நாலு சிலிண்டர், 19,000 சுற்றுவரை போகும், அந்தச் சத்தத்தைக் கேட்டவன் லேசில் மறக்கமாட்டான். எனக்கும் அதில் ஒரு கண் உண்டு. ஆனால் முப்பது வயதான கார்புரேட்டர் நாலை ஒன்றாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பது தனிப் பொழுதுபோக்கு, உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

பைக்கில் மிச்சம் பிடித்த காசை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ அழியாமல் புதிது மாதிரி இருக்கும் பழைய டயர்தான் ஆபத்து, ரப்பர் இறுகிப்போயிருக்கும். ட்ராக்கில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும், ஆகையால் றோட்டுக்கு அடிக்கும் அளவை விடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கி, ஓடி வந்த சூட்டோடு அளந்து பார்க்க வேண்டும். பூவே இல்லாத முழு ஸ்லிக் டயர் வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும், அந்தச் சூட்டை ஏற்ற உங்கள் பைக்குக்கும் உங்களுக்கும் இன்னும் காலம் இருக்கிறது.

பிரேக் எண்ணெயை நம் ஊரில் யாரும் நினைப்பதேயில்லை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டொட் 4 ரகப் பிரேக் எண்ணெய் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155தான். கடற்காற்றில் இரண்டு மழைக்காலம் கண்ட எண்ணெயோடு ட்ராக்குக்குப் போனால், சுற்றுக்குச் சுற்று சூடேறி, ஒரு கட்டத்தில் லீவர் கைப்பிடிவரைக்கும் வந்துவிடும், பைக் நிற்காது. மாற்றச் செலவாகும் காசு அற்பம். ரேடியேட்டரில் கூலன்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், கூலன்ட் சிந்தினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்பதற்காக. கண்ணாடியைக் கழற்றி, விளக்குக்கு டேப் ஒட்ட வேண்டும். எஞ்சின் ஒயில் போல்ட்டைக் கம்பியால் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு.

எங்கே ஓடுவது? இதுதான் உண்மையான சிக்கல். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றம், களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தை விமான ஓடுபாதையில் நடக்கும் போட்டி, இவையெல்லாம் போட்டி நாட்கள், பழகும் நாட்கள் அல்ல. ட்ராக் என்று பெயர் வைத்ததால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பாகிவிடாது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். முடக்குக்கு வெளியே சறுக்கிப் போக எவ்வளவு வெளி இருக்கிறது, கொடி காட்டுபவர்கள் எங்கே நிற்கிறார்கள், அம்புலன்ஸ் உள்ளே நிற்கிறதா, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதனால் பைக்கே வாங்காமல் தொடங்குங்கள். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் பைக்கும் வாடகைக்குக் கிடைக்கும். கோயம்புத்தூரில் செட்டிப்பாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' ட்ராக் இன்னும் சிறியது, பழகத் தோதானது. பலாலியில் இருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் விமானம் மறுபடி தொடங்கியது நம் பக்கத்து ஆட்களுக்கு வசதி, கட்டுநாயக்கா வரை போகத் தேவையில்லை. லோனின் முதல் சில தவணைக் காசுக்குள் ஒரு தடவை போய் வந்துவிடலாம். வந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் ஆர்15ஐ வாங்கிப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் பழகும் நாள் ஏதும் நடந்தால் போகலாம். பல்சரை விற்க வேண்டாம், வேலைக்குப் போக அது வேண்டும்.

ட்ராக்கில் பழகும் நாளைத்தான் ட்ராக் டே என்பார்கள். அம்மாவுக்கு ட்ராக் டே வேறு, ரேஸ் வேறு என்று விளங்கப்படுத்துங்கள். ட்ராக் டேயில் பரிசில்லை, முதலாம் இடமில்லை. புதியவர்களைத் தனியாகப் பிரித்து விடுவார்கள், அந்தக் கூட்டத்தில் முடக்குக்குள் முந்தக் கூடாது என்று பெரும்பாலும் கட்டுப்பாடு இருக்கும். சிவப்புக் கொடி காட்டினால் எல்லாரும் வேகம் குறைத்து உள்ளே வர வேண்டும். தோல் உடுப்பு, தர முத்திரை உள்ள முழு ஹெல்மெட், முதுகுக் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நிலாவெளி றோட்டில் சிலிப்பரோடு போகிற பிள்ளைகளை விட நீங்கள் அங்கே பத்திரம் என்று சொல்லுங்கள். அம்மா அப்போதும் அழுவா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, என் வீட்டிலும் இருந்ததில்லை.

கடைசியாக இன்சூரன்ஸ். சாதாரண வாகனக் காப்புறுதி பொதுவாக ட்ராக்கில் நடப்பதை ஏற்பதில்லை, பயணக் காப்புறுதியிலும் மோட்டார் விளையாட்டை விலக்கியிருப்பார்கள். உங்களுக்கு ஏதாவது நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவது என்பதைப் போகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெலிபோனில் "பிரச்சினையில்லை தம்பி" என்று சொன்னால் அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.