பிரஷ்டுன்னா என்ன அர்த்தம், அந்த வார்த்தை எங்கருந்து வந்துச்சு?

மலையாள நியூஸ்ல 'பிரஷ்டு', 'ஊருவிலக்கு'ன்னு வருதே, என்ன அர்த்தம், எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. நான் பாலக்காட்டு எல்லையில இருக்கற கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்ல தமிழு ஸ்கூல்ல மலையாளம், இந்த வார்த்தைங்க ரெண்டையும் கேட்டே வளர்ந்தவன்.

பிரஷ்டுன்னா ஒருத்தர ஜாதிய விட்டுத் தள்ளி வைக்கறது, ஊருவிலக்குன்னா ஊரே சேர்ந்து ஒதுக்கி வைக்கறது. பிரஷ்டு சமஸ்கிருதத்துல இருந்து வந்தது. பிரஷ்டன்னா விழுந்தவன், நழுவிப் போனவன். நம்ம பழைய ஆளுங்க ஜாதிப்பிரஷ்டம்னு சொன்னதும் இதேதான். 1888ல காந்தி லண்டனுக்குப் படிக்கப் போறேன்னதும் பம்பாயில அவங்க ஜாதிக்காரங்க கூடி அவர தள்ளி வச்சாங்க, அவர வழியனுப்பப் போறவங்களுக்கு 1 ரூபா 4 அணா அபராதம் வேற.

கேரளாவுல இது எவ்வளவு கொடூரமா நடந்துச்சுன்னு தெரியணும்னா ஸ்மார்த்த விசாரம் பத்திப் படிக்கணும். நம்பூதிரி, அதாவது கேரள பிராமணர், வீட்டுப் பொண்ணோட நடத்தை மேல சந்தேகம்னா ஒரு தனி விசாரணை வைப்பாங்க, அது முடியற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு பேரே கிடையாது, 'சாதனம்'னுதான் சொல்வாங்க, அதாவது ஒரு பொருள். 1905ல கொச்சி ராஜ்யத்துல குறியேடத்து தாத்ரின்னு ஒரு பொண்ண இப்படி விசாரிச்சப்ப அவங்க 60க்கு மேல ஆம்பளைங்க பேரச் சொல்ல, அத்தனை பேருக்கும் பிரஷ்டு. விலக்கினதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு உயிரோட இருக்கறப்பவே வீட்ல கருமாதி பண்ணிடுவாங்க. 'படியடைச்சு பிண்டம் வைக்கறது'ன்னு மலையாளத்துல ஒரு பேச்சு உண்டு, வாசப்படிய மூடிட்டு பிண்டம் வச்சுடறது. இன்னைக்கு கட்சியில இருந்து ஒருத்தர நீக்கினாக்கூட அதையே எழுதறாங்க.

எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது என்னன்னா, பிரஷ்டுங்கற வார்த்தையில அவன் தானா விழுந்த மாதிரி இருக்கு, தள்ளினவன் யாருன்னே தெரியாது. நம்ம தமிழ்ல 'தள்ளி வைக்கறது'ன்னு சொல்றோம் பாருங்க, அதுல தள்ளின கை இருக்கு. அந்த விதத்துல நம்ம வார்த்தை நேர்மையானது. சொந்த ஜாதிக்காரனையே இப்படித் தள்ளி வைக்கறதக் குத்தமாக்கி மகாராஷ்டிராவுல 2016ல தனிச் சட்டமே போட்டாங்க, எல்லா ஊருக்கும் அது வரணும்.

பிண்டம் வைக்கறதுக்கு நம்மகிட்ட இருக்கற ஜோடி 'தலைமுழுகறது'. அத நான் கண்ணால பார்த்திருக்கேன். எனக்கு ஏழு வயசு, எங்க சின்னம்மா வேற ஜாதிப் பையனக் கட்டிக்கிட்டாங்கன்னு பங்காளிங்க திண்ணையில உக்காந்து பேசி முடிச்சுட்டுப் போனதும், அம்மிச்சி, அதான் எங்கம்மாவோட அம்மா, கெணத்தடிக்குப் போயி கட்டுன சேலையோட மூணு கொடம் தண்ணிய எறைச்சு எறைச்சு தலையில ஊத்துனாங்க. 'அம்மிச்சி, யாரு செத்துட்டாங்க?'ன்னு கேட்டேன். யாரும் சாகல சாமி, உள்ள போன்னாங்க, பல்லு கிடுகிடுன்னு ஆடுது.

பன்னெண்டு வருஷம் கழிச்சு அம்மிச்சி செத்தப்ப சின்னம்மா வந்தாங்க. பங்காளிங்க வாசல் ஏற விடல, ரோட்டோரம் புளியமரத்தடியில நின்னாங்க. எங்கம்மா யாரையும் கேக்கல, வாய்க்கரிசித் தட்டுல இருந்து ஒரு பிடி அள்ளி முந்தானையில முடிஞ்சு கொண்டு போயி அவங்க கையில குடுத்துட்டு வந்தாங்க. பாடை மரத்தத் தாண்டிப் போறப்ப யாரும் நிறுத்தல. நான் திரும்பிப் பார்த்தேன், சின்னம்மா மூடுன கையத் தொறக்கவே இல்ல.